குதிரைமலைக் கோட்டானை அறிவீரோ?

பறவை பார்த்தல் பொழுது போகாத செல்வரின் கேளிக்கை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தமிழ் பயில்வோர் அதனை மேற்கொள்ளின் நகைப்போரும் உளர். அந்நகைப்பு அறியாமையின்பாற்பட்டது என்பதே எமது வாதம்.

புத்தளம் மாவட்டத்தில், வில்பத்துக் காட்டின் மேற்கெல்லையில், குதிரைமலை முனை கடலை நோக்கி நிற்கிறது. புறநானூறு பேசும் பிட்டங்கொற்றனின் குதிரைமலை இதுதானோ என நம்மவர் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். ஆயின், அம்மலையின் பெயரைத் தாங்கிய பறவையை எத்துணைப் பேர் அறிவர்? நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகுடைய குதிரைமலைக் கோட்டானே அது. ஏடெழுதிய புலவர் அதற்குப் பெயரிட்டிலர். பறவையைக் கண்ணாற் கண்ட மக்களே பெயரிட்டனர். நாமோ மலையைப் பற்றி வாதிட்டோம், பறவையை மறந்தோம்.

ஓகஸ்ட் பிற்பகுதி தொடக்கம் வடபுலக் கரைப்பறவைகள் புத்தளக் களப்பை வந்தடைகின்றன. மத்திய ஆசியப் பறவைவழியின் தென்பகுதியில் அமைந்தது நமது தீவு. குறுகிய அலகுடைய உள்ளான்கள் மேற்சேற்றையும், கோட்டான்கள் ஆழ்சேற்றையும் துழாவிப் புழுவும் நண்டும் உண்கின்றன. ஆகவே பறவைகளை ஆண்டுதோறும் எண்ணுபவன் சேற்றின் நலத்தையும் எண்ணுகிறான்.

“மனிதர் வாழ வழியற்றிருக்கையில் பறவைக்குப் பரிவு எதற்கு?” என வினவுவோர் உளர். அவர்க்கு இக்கரையின் வரலாறே விடை கூறும். 1980களிலும் 1990களிலும் கண்டற்காடுகளும் சேற்றுநிலங்களும் அழிக்கப்பட்டு இறால் பண்ணைகள் பெருகின. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியது. பண்ணைகள் பல பாழ்பட்டுக் கைவிடப்பட்டன. கண்டல் வேர்களிடையே மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வளர்வதை மீனவர் அறிவர். பறவையின் இரைக்களம் அழிந்தபோது அவர்தம் வலையும் வெறுமையுற்றது. பறவையா, மனிதனா என்னும் வினாவே பொய் வினா.

சிலாபத்திற்கும் புத்தளத்திற்கும் இடையிலுள்ள ஆனைவிழுந்தானை நோக்குக. பழைய குளத்தொடரும், கண்டலும், கடற்கரையும் ஒருங்கமைந்த 1,397 ஹெக்டேயர் நிலம் அது. 2001 இல் றம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2020 ஓகஸ்டில், வலசைப் பறவைகள் வந்திறங்கும் அதே பருவத்தில், இறால் பண்ணைக்கென அங்குக் கண்டல் வெட்டப்பட்டது. கண்டோர் உரைத்தமையாலேயே நாடு அறிந்தது. சட்டம் ஏட்டில் உறங்குமிடத்துக் காண்போரின் கண்ணே காவல்.

காணாமையின் விலை பெரிது. கோட்டானின் உறவான மெல்லலகுக் கோட்டான் 1995 இல் மொறொக்கோவில் இறுதியாக உறுதிபடக் காணப்பட்டது. 2025 இல் அவ்வினம் அற்றுப்போனதெனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. இனி அதற்கு எம்மொழியிற் பெயரிருந்தும் பயனென்?

இது விலங்கியலாளர் பணியென ஒதுங்குதல் தகாது. எண்ணிக்கை அவர்க்குரியதாயினும் பெயர்கள் நமக்குரியவை. கற்பிட்டியிலும் முந்தலிலும் முதிய மீனவர் நாவில் எஞ்சியுள்ள பறவைப் பெயர்களைத் தொகுக்கத் தமிழ் மாணவரன்றி வேறெவர் முன்வருவர்? ஆண்டுதோறும் விழா எடுக்கும் நாம், அடுத்த ஓகஸ்டில் ஒரு நாளேனும் களப்புக் கரையில் குறிப்பேட்டுடன் நிற்போமாக. குதிரைமலை எது என்னும் வாதத்தை அதன் பின்னர்த் தொடரலாம்.