குதிரை மீது குற்றம் இல்லை!

1969-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி. திங்கட்கிழமை காலை.

அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தில் ஒரு பால் பண்ணை நிலம். உட்ஸ்டாக் இசை விழாவின் கடைசி நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. மேடையில் நின்றவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அவருக்கு வயது 26. கையில் மின்சார கித்தார்.

அமெரிக்க தேசிய கீதத்தை அவர் வாசித்தார். வாசிக்க வாசிக்கக் கித்தார் அலறியது. ராக்கெட் சீறுவது போலவும், குண்டு விழுவது போலவும் ஓசை எழுந்தது. வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போர்க்களத்தின் ஓசையே அதில் கேட்டதாகப் பலர் சொன்னார்கள்.

அந்த ஓசைக்குத் துணை நின்றது ஒரு சிறு கைப்பிடி. கித்தாரின் குதிரையில் செருகியிருக்கும் இரும்புக் கம்பி!

குதிரை என்றால் என்ன?

வீணையிலும் பிடிலிலும் தந்திகளைத் தாங்கி நிற்கும் பாகத்துக்குக் குதிரை என்று பெயர். கித்தாரிலும் அப்படி ஒன்று உண்டு. சாதாரணக் கித்தாரில் அது அசையாது. ஆனால் சில மின்சார கித்தார்களில் அது அசையும். கைப்பிடியை அமுக்கினால் குதிரை முன்னே சாயும். ஆறு தந்திகளும் ஒரே நேரத்தில் தளரும். சுருதி இறங்கும். கையை எடுத்தால் குதிரை நிமிரும். சுருதி பழையபடி ஏறும்.

பழையபடி ஏறுகிறதா? அங்கேதான் சண்டையே!

“இரண்டு தடவை அமுக்கினால் போதும், சுருதி கலைந்துவிடுகிறது” என்று வாசிப்பவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். “கைப்பிடி வைத்த கித்தாரே வேண்டாம்” என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். இது சரியா?

சரி அல்ல. குதிரை மீது பழி போடுவது எளிது. உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறான்.

ரேடியோ கடைக்காரர்

கலிபோர்னியா மாகாணத்தில் புல்லர்டன் என்று ஓர் ஊர். அங்கே 1938-ல் ரேடியோ பழுது பார்க்கும் கடை திறந்தவர் லியோ பெண்டர். பிறகு கித்தார் செய்யும் தொழிலில் இறங்கினார். 1954-ல் அவருடைய கம்பெனி ஸ்டிராட்டோகாஸ்டர் என்ற கித்தாரை வெளியிட்டது. அசையும் குதிரை அதில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், லியோ பெண்டருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது!

அந்த அமைப்புக்கு அவர் “டிரெமலோ” என்று பெயர் வைத்தார். பெயர் பொருந்தவில்லை. டிரெமலோ என்றால் ஓசை கூடிக் கூடிக் குறைவது. இந்தக் கைப்பிடி அசைப்பது ஓசையின் அளவை அல்ல, சுருதியை. அதற்கு “வைப்ரேட்டோ” என்று பெயர். ஆனாலும் தவறான பெயரே நிலைத்துவிட்டது.

பெயர் தவறு. கணக்கு தவறு அல்ல.

தராசுத் தட்டு

ஆறு தந்திகளும் சேர்ந்து குதிரையை ஒரு பக்கம் இழுக்கின்றன. அந்த இழுப்பு சுமார் 40 கிலோ எடைக்குச் சமம். கித்தாரின் முதுகில் உள்ள குழியில் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. அவை குதிரையை மறு பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாக இருந்தால் குதிரை நடுவில் நிற்கும், தராசு போல.

இதனால் ஒரு தொல்லை உண்டு. ஒரு தந்தியை முறுக்கினால், குதிரை சற்றே சாயும். மற்ற ஐந்தும் இறங்கிவிடும். ஒரு தந்தி அறுந்தாலோ, மற்றவை எல்லாம் ஏறிவிடும்.

புதிதாகப் பழகும் பிள்ளைக்கு இது தெரியாது. முதல் தந்தியைச் சரி செய்வான். ஆறாவது தந்திக்கு வருவதற்குள் முதல் தந்தி கெட்டிருக்கும். “எனக்குக் காது சரியில்லை போலிருக்கிறது” என்று நினைப்பான். கித்தாரை மூலையில் வைத்துவிடுவான்.

அவன் காது நன்றாகத்தான் இருக்கிறது! ஆறு தந்திகளையும் ஒரு சுற்று சேர்க்க வேண்டும். பிறகு மீண்டும் ஒரு சுற்று. மூன்று, நான்கு சுற்றில் தராசு அடங்கிவிடும். இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டியது கற்பிப்பவரின் கடமை.

உண்மைக் குற்றவாளி

சுருதி சேர்த்தாயிற்று. கைப்பிடியை அமுக்கி விட்டால் மறுபடி கலைகிறது. ஏன்?

கித்தாரின் கழுத்து முனையில், பிருடைகளுக்குச் சற்று முன்னால், ஒரு சிறு பட்டை இருக்கிறது. எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ செய்திருப்பார்கள். அதில் ஆறு பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு தந்தி படிந்து செல்கிறது. கைப்பிடியை அமுக்கும்போது தந்தி அந்தப் பள்ளத்தில் சிறிது வழுக்குகிறது. விட்டதும் வந்த வழியே திரும்ப வேண்டும். பள்ளம் குறுகலாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் தந்தி பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கைப்பிடியை அமுக்கி விட்ட பிறகு சுருதி முன்னைவிட உயர்ந்து நின்றால், தந்தி பட்டையில் சிக்குகிறது என்று பொருள். சுருதி இறங்கி நின்றால், பெரும்பாலும் பிருடையில் சுற்றிய சுற்று தளர்ந்திருக்கும். அல்லது தந்தி புதிது.

பென்சில் வைத்தியம்

இதற்கு மருந்து பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கிறது. பென்சில்!

தந்தியைத் தளர்த்தி எடுத்து, பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்க்க வேண்டும். பென்சிலில் உள்ள கிராபைட்டு வழுவழுப்பைத் தரும். தந்தி சிக்காமல் போய் வரும். பள்ளம் மிகவும் குறுகலாக இருந்தால் மட்டும், தெரிந்த கைவினைஞரிடம் கொடுத்து அராவலாம்.

புதுத் தந்தி போட்டால் கையால் மெல்ல இழுத்து இழுத்து விட வேண்டும். சுருதி இறங்குவது நிற்கும் வரை இப்படிச் செய்ய வேண்டும். பிருடையில் இரண்டு மூன்று சுற்று போதும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக இருக்க வேண்டும். பழைய மாதிரிக் குதிரையை ஆறு திருகாணிகள் பிடித்திருக்கும். அவற்றை இறுக முடுக்கினால் குதிரை அசையத் திணறும்.

கட்டிப் போடலாமா?

புகழ் பெற்ற எரிக் கிளாப்டன், குதிரை அசையாதபடி உள்ளே மரத்துண்டு வைத்து அடைத்துவிடுவார். அவர் கைப்பிடியை உபயோகிப்பது இல்லை. ஆகவே அவருக்கு அது பொருத்தம்.

பிளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர் வேறு வழி கண்டார். பட்டையிலேயே தந்திகளைப் பூட்டிவிட்டார். 1979-ல் காப்புரிமை பெற்றார். பூட்டிய தந்தி வழுக்காது. கைப்பிடியை எவ்வளவு அமுக்கினாலும் சுருதி நிற்கும். ஆனால் தந்தி மாற்றப் பூட்டைத் திறக்கச் சாவி தேட வேண்டும். செலவும் கூடுதல்.

பூட்டு நல்லதுதான். ஆனால் கைப்பிடியை மென்மையாக அசைப்பவருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவை இல்லை. முதலில் பென்சில். பிறகு பொறுமை. அதற்கும் அடங்காவிட்டால் பூட்டு. பார்க்காமலே பாகங்களை மாற்றுவது, தலைவலிக்குத் தலையை மாற்றுவது போல!

ஹெண்ட்ரிக்ஸ் கையிலும் சுருதி கலையாமல் இருக்கவில்லை. வாசிப்புக்கு நடுவிலேயே பிருடையைத் திருகிச் சரி செய்துகொள்வார். கித்தாரைத் திட்டவில்லை. அதன் போக்கைத் தெரிந்து வைத்திருந்தார்.

அசையும் பொருள் கொஞ்சம் தொல்லை கொடுக்கத்தான் செய்யும். அதற்காக அதைக் கட்டிப் போட்டால் தொல்லை போகும்; இசையில் ஒரு பங்கும் சேர்ந்து போகும். வீட்டில் பிள்ளை கித்தாரை மூலையில் வைத்திருந்தால், பெற்றோர் அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். வேறு கித்தார் வாங்கவும் ஓட வேண்டாம்.

ஒரு பென்சிலை எடுத்து அவன் கையில் கொடுக்கட்டும்!