நூலகத்தில் நம்மூரைத் தேடுவோம்

பொது நூலகத்துக்குச் செல்வோரிற் பெரும்பாலோர் பத்திரிகை மேசையோடு திரும்பிவிடுகின்றனர். மாணவராயின் பரீட்சைக்குரிய நூல்களோடு அமைந்துவிடுகின்றனர். அதனைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. ஆயினும், இன்னும் பத்தடி உள்ளே நடப்பாராயின், தம் ஊரின் பெயர் எவ்வாறு வந்தது, தம் பாட்டனார் எந்த நூலைப் பார்த்து மருந்து அரைத்தார் என்பனவற்றையெல்லாம் அங்கேயே காணலாம் என்பதனை நினைவூட்ட விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். 1933ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலேயே சில நூல்களை வைத்து அயலவர்க்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் 800க்குச் சற்று மேற்பட்ட நூல்களோடு ஒரு வாடகை அறையில் அது பொது நிலையமாயிற்று. நரசிம்மன் என்னும் கட்டடக்கலைஞர் வரைந்து, நூலக அறிஞர் அரங்கநாதன் ஆலோசனை கூறி எழுந்த வெண்ணிறக் கட்டடம் 1959இல் திறந்து வைக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்திலே, அக்கட்டடமும் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் தீக்கிரையாயின. 1990களின் பிற்பகுதியில் ஒரு நூலும் ஒரு செங்கல்லும் தருமாறு நாடெங்கும் கேட்கப்பட்டது; அதன் பின்னர் கட்டடம் மீண்டும் எழுந்து, இன்று வாசகர் நடமாட்டத்தோடு விளங்குகின்றது. ஒரு வீட்டு அலமாரியிலிருந்து பிறந்த நிலையம் என்பதனை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக. பின்னே சொல்லப்போவதற்கு அது வேண்டும்.

இனி ஊர் வரலாற்றுக்கு வருவோம். நம் நாட்டு நூலகங்கள் பெரும்பாலும் கைக்கொள்ளும் டூயி பகுப்பு முறையில் இலங்கை வரலாற்றுக்குரிய எண் 954.93 என்பதாகும். (வேறொரு பகுப்பு முறையையே வகுத்தவர் அரங்கநாதன் என்பது ஒரு சுவையான செய்தி.) அவ்வெண்ணுக்குரிய தட்டிலே முதலில் கேட்டுப் பெறவேண்டியது மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’ ஆகும். இதனை 1879இல் பிறிற்றோ என்பார் ஆங்கிலத்திற் பெயர்த்துள்ளார். யாழ் வாசிப்பில் வல்ல பார்வையற்ற பாணன் ஒருவனுக்கு அரசன் மணற்றிடலைப் பரிசாக அளித்தான் என்ற கதை இந்நூலில் வருவதே. நாம் சிறு வயதிற் பாட்டிமார் வாயிலாகக் கேட்டதும் இதுவே.

கதையோடு நின்றுவிடலாகாது. அதே தட்டில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1912இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாணச் சரித்திரம்’ இருக்கலாம். முதலியார் செ. இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்தில் எழுதிய பண்டை யாழ்ப்பாண வரலாறும், நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாண வைபவ விமர்சன’மும் கிடைக்கலாம். இவற்றை அடுத்தடுத்து வாசிப்பவர் வியப்படைவார். ஒருவர் நாட்டிய தூணை மற்றவர் அசைத்துப் பார்க்கின்றார். முதலியார் மணிமேகலையில் வரும் மணிபல்லவத்தை நம் குடாநாட்டோடு தொடர்புபடுத்துகின்றார். சுவாமிகளோ வைபவமாலை கூறும் அரசர் வரிசையையே ஐயத்தோடு ஆராய்கின்றார். எவர் பக்கம் நிற்பது என்று மாணவர்கள் அவசரப்பட வேண்டா. எம்மைக் கேட்டால், பரீட்சைக்காக ஒரு சரித்திரத்தை மனனஞ் செய்வதிலும், ஒன்றோடொன்று பிணங்கும் இரு சரித்திரங்களை ஒருசேர வாசிப்பதே மேலான கல்வி என்போம்.

வைபவமாலையின் தோற்றுவாயில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. புலவர் தமக்கு ஆதாரமாக இருந்தவை கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்கின்றார். முன்னைய இரண்டும் அச்சேறி நம் கைக்கு வந்தன. பின்னைய இரண்டும் வந்தில. எவரும் தீ வைக்காமலே, வீட்டுப் பரண்களிலும் கறையான் வாயிலும் அழிந்த நூல்களும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

வரலாறு வேண்டா, அன்றாட வாழ்வுக்கு ஏதேனும் உண்டோ எனக் கேட்பீராயின், ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து பாருங்கள். கொக்குவில், இணுவில், மிருசுவில் என்பவற்றின் ‘வில்’ நீர்நிலையைக் குறிக்கும் என்பது ஆராய்ச்சியாளர் சிலர் கொள்கை. மாலையில் முதியவர் ஒருவரை அணுகி, “அப்பு, எங்கட ஊரில் குளம் எங்கே இருந்தது?” என்று கேட்டுப் பார்த்தால் நூலும் நிலமும் ஒன்றையொன்று தாங்குமோ என்பது தெரிந்துவிடும். விஞ்ஞானம் கற்போர் மானிப்பாயில் வாழ்ந்த வைத்தியர் கிறீனின் ‘இரணவைத்தியம்’ என்னும் நூலைத் தேடுக. 1867ஆம் ஆண்டிலேயே சத்திர சிகிச்சையைத் தமிழில் எழுதிக் கற்பித்தார் அவர். தமிழில் விஞ்ஞானம் சொல்ல இயலாது என்பாருக்கு அப்பழைய கலைச்சொற்களே விடை கூறும்.

நூலகம் நமக்குத் தருவது இருக்கட்டும். நாம் நூலகத்துக்குத் தரத்தக்கது யாது? நம் வீடுகளில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளிலே நினைவு மலர் அச்சிட்டு வழங்குவது வழக்கம். ‘கல்வெட்டு’ என்றும் அதனைச் சொல்வர். தேவாரத்துக்கும் புலம்பலுக்கும் இடையே அதில் வம்சாவளி வரும். இன்ன ஊரிற் பிறந்தார், இன்ன ஆண்டில் மலாயாவுக்குப் போனார், இன்ன பாடசாலையிற் கற்பித்தார் என வரும். அரசாங்கப் பதிவேட்டில் இல்லாத செய்திகள் இவை. பந்தியில் வாங்கிய கையோடு பலர் இதனைத் தட்டின் மேற் போட்டுவிடுகின்றனர்; அடுத்த தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது குப்பையோடு போய்விடுகின்றது. கோயிற் கும்பாபிஷேக மலர், பாடசாலை வெள்ளிவிழா மலர், சனசமூக நிலைய அறிக்கை ஆகியவற்றின் கதியும் இதுவே. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் இணையச் சேமிப்பகத்திலே இத்தகைய மலர்களை மின்பிரதி செய்து வைத்திருக்கின்றனர். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் தம் பூட்டனாரின் பெயரைத் தேடிப் பார்க்கும் இடமாக அது ஆகியிருக்கின்றது.

இந்த ஞாயிறு மதிய உணவின் பின் அலமாரியின் மேற்றட்டை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். நினைவு மலர் இரு பிரதி இருக்குமாயின், ஒன்றன் முதற்பக்கத்தில் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி, உங்களுக்கு அண்மையிலுள்ள நூலகரிடம் சேர்ப்பித்துவிடுங்கள்.