நாய்க்கு இடமில்லை

கேம்பிரிட்ஜ் நகருக்கு நாயோடு செல்பவர் ஒன்றை முன்னரே அறிந்திருத்தல் நலம். கண்பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்றவை நீங்கலாக, சர்வகலாசாலைக் கல்லூரிகளின் வாசலைப் பொதுவாக நாய்கள் தாண்ட இயலாது. 1446இல் தொடங்கி 1515இல் கட்டட வேலை முடிந்த கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைக் காண இருவர் சென்றால், ஒருவர் உள்ளே அண்ணாந்து நிற்க, மற்றவர் வீதியில் நாயோடு காத்து நிற்கவேண்டியதுதான்.

இத்தடை பழையது. 1805இல் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்த கவிஞர் பைரன் பிரபு, 1807இல் கரடியொன்றை அங்கே கொணர்ந்தார். நாய் வளர்க்க விதி இடந்தராமையே காரணம் என்பர். கரடியைப் பற்றி விதி வாய்திறக்கவில்லையாம்! குறும்பென்று பலர் நகைப்பர். நமக்கோ அதனுள்ளே நாயைப் பிரிந்தவரின் தனிமை தெரிகின்றது. அவருடைய 'போசன்' என்னும் நாய் 1808இல் விசர்நோயால் மாண்டது. நியூஸ்ரெட் மாளிகைத் தோட்டத்தில் அதற்கு அவர் எழுப்பிய நினைவுச்சின்னம் இன்றும் நிற்கின்றது.

கல்லூரிகள் கதவடைத்தாலும் காம் ஆற்றங்கரை அடைக்கவில்லை. நகருக்குத் தெற்கே கிராஞ்செஸ்ரர் புல்வெளி வரை நாயோடு நடக்கலாம். மாடுகள் மேயும் இடமாதலால் கயிற்றை மட்டும் கைவிடலாகாது.