'சும்மா' இருக்கும் தாய்மார்கள்

"வேலையா? வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்." கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் கைக்குழந்தைக்காரிகளைக் கேட்டால் இப்படித்தான் சொல்கிறார்கள். விடியுமுன் குழாயடி, அடுப்பு, பாலுக்கு அழும் பிள்ளை, பள்ளிக்குப் போகிறவளுக்குச் சடை, பிறகு துணி மூட்டை. இதற்குப் பெயர் சும்மாவாம்!

1983 முதல் 1994 வரை சவூதி அரேபியாவில் வேலை பார்த்த ஒருவர் ஊருக்குப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே மூன்று பிள்ளைகளை வளர்த்தார். திரும்பி வந்தவர், சொத்தெல்லாம் தம் சம்பாத்தியமே என்று வழக்காடினார். 2023 ஜூனில் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மனைவியின் வீட்டு உழைப்பும் அச்சொத்தில் சேர்ந்திருக்கிறது என்று கூறி, சில சொத்துகளில் அவருக்குச் சரிபாதி வழங்கினார். கணவனுக்கு எட்டு மணி நேரம், இவளுக்கோ நாள் முழுதும், விடுமுறையும் கிடையாது என்றும் சொன்னார். பரங்கிப்பேட்டையில் வளைகுடாப் பணத்தை எதிர்பார்த்திருக்கும் பெண்கள் இத்தீர்ப்பை அறிய வேண்டும்.

சரி, சொத்தே இல்லாத வீட்டில்? மீனவக் குப்பத்திலும் விவசாயக் கூலிகளின் தெருவிலும் பாதி போடக் கடன்தான் இருக்கிறது. 2023 செப்டம்பரில் சர்க்கார் துவக்கிய மாதம் 1000 ரூபாயை 'உரிமைத் தொகை' என்று அழைத்தது சரியே. ஆனால் கணக்குப் பார்த்தால் நாளுக்கு 33 ரூபாய்!

2024-ல் மத்திய சர்க்கார் எடுத்த கணக்கின்படி, வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் உழைக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். (நம் தோழர்களில் அந்த 88-ஐ எட்டாதவர்களும் உண்டு.)

அங்கன்வாடி மாலை வரை திறந்திருப்பதில்லை. கைக்குழந்தையையும் ஏற்கும் முழுநாள் காப்பகம் ஒவ்வொரு குப்பத்திலும் வேண்டும். மாதர் சங்கமும் விவசாயச் சங்கமும் சேர்ந்தே இதைக் கேட்க வேண்டும்.