கம்பி ஒன்றானால் கடமை யாருக்கு?

2022 யூலை 8ஆந் திகதி அதிகாலையில் கனடா நாட்டின் பெரும்பகுதி வாயடைத்துப் போயிற்று. றொஜர்ஸ் என்னும் பெருங் கம்பெனியின் கைத்தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி, இணையம் ஆகிய மூன்றும் ஒருங்கே நின்றன. 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் தவித்தனர். இன்ரராக் என்னும் நாடளாவிய வங்கி அட்டைச் சேவையும் அக்கம்பெனியின் வலையமைப்பையே நம்பியிருந்தமையால், றொஜர்ஸோடு யாதொரு கொடுக்கல் வாங்கலும் இல்லாத கடைக்காரரும் அட்டைக்குப் பொருள் விற்க இயலாது நின்றனர். ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் வியாபாரஞ் செய்யும் நம்மவர்க்கு அந்த வெள்ளிக்கிழமை எளிதில் மறக்குமா? ஆபத்து வேளையில் அழைக்கும் 911 என்ற இலக்கம் பலருக்குக் கிடைக்கவில்லை. தொலைத்தொடர்பை மேற்பார்வை செய்யும் அரசாங்க ஆணைக்குழுவின் தொலைபேசிகளும் பாதிக்கப்பட்டன என்பது இக்கதையின் வேடிக்கையான பகுதி.

வலையமைப்பைப் புதுப்பிக்கும் வேலையின்போது, தகவல் வழிகளை வடிகட்டும் ஒரு கட்டளை நீக்கப்பட்டது. அணை உடைந்த குளம்போல வழித்தகவல்கள் மையக் கருவிகளிற் பாய்ந்து அவற்றைச் செயலிழக்கச் செய்தன. ஒரு பிழை எங்கும் நேரும். அதை நாம் பெரிதுபடுத்தவில்லை. கைத்தொலைபேசிக்கும் வீட்டுக் கம்பிக்கும் ஒரே மையம் அமைந்திருந்தமையாலேயே அந்த ஒரு பிழை எல்லாவற்றையும் வீழ்த்திற்று. பழுது பார்க்கவேண்டிய ஊழியரும் அதே வலையமைப்பின் மூலமே கருவிகளை எட்டவேண்டியிருந்தது. ஒருவரோடொருவர் பேசுவதற்கும் அதையே நம்பியிருந்தனர். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியவன் நிலைதான்! பின்னர் அக்கம்பெனி இரண்டு மையங்களையும் வெவ்வேறாகப் பிரிப்பதாக அறிவித்தது.

பழைய செப்புக் கம்பியைக் கட்டியழுவோர் அல்லர் நாம். முன்னாளில் ஒரு காரியாலயத்துக்குப் பேச ஒரு கம்பி, ரெலெக்சுக்கு வேறொன்று, கணினிக்கு இன்னொன்று என வேண்டியிருந்தது. இன்று பேச்சும் படமும் கணக்கும் ஒரே இணையவழியிற் செல்கின்றன. செலவு குறைகின்றது, கொழும்புக் காரியாலயத்தின் இலக்கத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்தே மறுமொழி சொல்லலாம். பழைய இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் தேடுவதும் வரவரக் கடினமாகின்றது. மாற்றம் வந்தே தீரும். ஆனால் எல்லா வழிகளையும் ஒரு வழியாக்கிய பின்னர், அவ்வழியை வைத்திருப்பவனின் சட்டக் கடமை முன்னிருந்த அளவிலேயே நிற்கலாமா என்பதே நமது கேள்வி.

கனடாவில் றொஜர்ஸ் தன் வாடிக்கையாளருக்கு ஐந்து நாட் கட்டணத்தைக் கழித்துக் கொடுத்தது. ஒரு நாட் பழுதுக்கு ஐந்து நாட் கழிவு என்றால் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. கெட்டுப்போன வியாபாரத்துக்கு அது ஈடாகுமா? அட்டை வேலை செய்யாது நட்டப்பட்ட, றொஜர்ஸின் வாடிக்கையாளரல்லாத கடைக்காரருக்கு அந்தக் கழிவும் இல்லை. ஒப்பந்தச் சட்டம் ஒப்பந்தக்காரரையே நோக்கும். எனினும் நமது நாட்டில் வேரூன்றிய உரோம-டச்சுச் சட்டம் பண்டைக் காலத்திலேயே கப்பற்காரன், விடுதிக்காரன், லாயக்காரன் ஆகிய மூவர்மீதும் ஏனையோர்மீது சுமத்தாத கடும் பொறுப்பைச் சுமத்திற்று. வழிப்போக்கன் தன் பொருளை அவர்களை நம்பி ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியில்லாதவன் என்பதே காரணம். இன்றைய வழிப்போக்கர் நாமெல்லோரும் அன்றோ?

கமக்காரர் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. செப்புக் கம்பித் தொலைபேசி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தொலைபேசி நிலையத்து மின்கலங்களிலிருந்தே பெற்றது. ஊர் இருண்டாலும் அது பேசும். ஒளியிழையின் முனையிலுள்ள பெட்டியோ வீட்டு மின்சாரம் நின்றவுடன் தானும் நிற்கும். பிரித்தானியாவின் ஒழுங்குபடுத்தும் சபையான ஒஃப்கொம், வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருப்போர் மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு எடுக்க வழி இருக்கவேண்டும் என 2018இல் வழிகாட்டிற்று. ஒரு மணி நேரம்! 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு நடைபெற்றது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் ஒருசேர இருண்டது. வெங்காயம் கிண்டிக் குவித்துவிட்டுத் தம்புள்ளை வியாபாரியிடம் விலை கேட்கக் காத்திருப்பவனுக்கு இலண்டன் அளவுகோல் போதாது.

நம் நாட்டிலும் செப்புக்குப் பதிலாக ஒளியிழை ஊரூராகச் செல்கின்றது. தொலைத்தொடர்புக்கு 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் உள. அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரத்தில் நிபந்தனை விதிக்கும் அதிகாரமும் அடங்கும். ஆகவே மையத்தைப் பிரித்து வைக்கவும், ஒரு கம்பெனி வீழ்ந்தால் அதன் அவசர அழைப்புகளை மற்றைய கம்பெனிகள் ஏற்கவும், நமது மின்வெட்டுக்குத் தக்க மின்கலம் கொடுக்கவும் அந்நிபந்தனைகள் கட்டாயப்படுத்தல் வேண்டும். றொஜர்ஸின் வீழ்ச்சிக்குப் பின்னர் கனடியக் கம்பெனிகள், அமைச்சர் வற்புறுத்திய பிறகே, 2022 செப்டெம்பரில் ஒன்றுக்கொன்று கைகொடுக்க உடன்பட்டன. அதுவரை காத்திருக்க இங்கே யாதொரு காரணமும் இல்லை.

அதற்கிடையில், புதிய இணைப்புக்குக் கையொப்பமிடப் போகும் கூட்டுறவுச் சங்கத்தாரும் காரியாலய முதல்வரும் முகவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்பார்களாக: மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரம் பேசலாம்? நீங்கள் தரும் கைத்தொலைபேசியும் கம்பி இணைப்பும் ஒரே மையத்திலா முடிகின்றன? மறுமொழியை எழுத்தில் வாங்கிக்கொள்க.