எஃகுச் சட்டையும் எள்ளல் வாயும்

பழஞ்சொல்லை மீட்பதும் பழம்பெயர் சூடுவதும் பித்தர் வினையென எள்ளுவதையே அறிவுடைமையாகக் கருதும் கூட்டமொன்று தமிழகத்தில் நெடுநாளாகவே உளது. அக்கூட்டத்தார்க்கு மேலைநாடே அளவுகோல். ஆங்கு ஒருவன் செய்தால் அது கலை. ஈங்கு ஒருவன் செய்தால் அது வெறி! நன்று. அவர்தம் அளவுகோலையே கையிலெடுத்து, அமெரிக்காவில் ஏறத்தாழ அறுபதாண்டாக நிகழ்ந்துவரும் ஒரு பொழுதுபோக்கை அவர்கட்குக் காட்டுதல் தகும்.

1966 மே முதல் நாள், கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்கிலியில், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் இளைஞர் சிலர் ஐரோப்பிய இடைக்கால உடையணிந்து கூடி, வாளும் கிடுகும் ஏந்தி விளையாட்டாகப் பொருதனர். அவ்வொருநாட் கூத்தே வேரூன்றிப் 'படைப்பாக்கக் காலப்பிறழ்வுக் கழகம்' என்று தமிழில் சொல்லத்தக்க பேரமைப்பாயிற்று. கழகத்தார் தம் நிலப்பகுதிகளை 'அரசுகள்' என்று பகுத்துக்கொண்டுள்ளனர். களத்தில் வென்றவரே முடிசூடுவார். சில திங்களில் அம்முடி இறங்கும். (பிறப்பால் வாராததும் விரைவில் இறங்குவதுமாகிய அம்முடி, உண்மையான இடைக்கால முடியினும் மேலானதே!)

ஆங்குப் போர் பழகப் புகுவார் முதலிற் செய்யத்தக்கது யாது? கடைக்குச் சென்று பளபளக்கும் எஃகுச் சட்டை வாங்குவதன்று. பயிற்சிக்களத்தை நாடி, மூத்தோர் இரவலாகத் தரும் அடிபட்டு நெளிந்த காப்புகளை அணிந்து, தாமும் அடிபட்டுப் பார்ப்பதே முதற்பாடம். பின்னரே தமக்கெனத் தலைக்காப்பு. அதன் எஃகுத் தகடு ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் தடிப்பேனும் இருத்தல்வேண்டும். முகக்கம்பிகளின் இடைவெளியில் ஓர் அங்குலக் கோல் நுழைதல் கூடாது. கழுத்து, முழங்கை, முழங்கால், சிறுநீரகம், அரை ஆகியவற்றுக்கும் காப்புக் கட்டாயம். வாளோ பிரம்பு, 1¼ அங்குலத்துக்குக் குறையாத தடிப்பினது. தென்கிழக்காசியக் காடுகளில் விளையும் இப்பிரம்பு, சிலம்பம் பயில்வார் கைக்குப் புதியதன்று. மூங்கில்போல் உள்ளீடற்றுப் பிளந்து கூராகச் சிதறாமல், அடிக்க அடிக்க நாராய் நைந்துபோவது. ஆதலின் அதனைத் தேர்ந்தனர். நடுவர் ஆய்ந்து இசைவளித்தபின்னரே புதியவர் களமிறங்கலாம். அடி தக்கவாறு பட்டதா என்று தீர்ப்பவர் நடுவரல்லர், அடிபட்டவரே! காலில் பட்டதென ஒப்பியவர் மண்டியிட்டுப் பொருவார். வாய்மை இல்லாதவர்க்கு அவ்விளையாட்டே இல்லை.

சட்டையை மட்டும் விலைக்கு வாங்கியோர் கதையும் உண்டு. 1839 ஆகத்துத் திங்களில், இசுக்காட்லாந்தில் எக்ளிண்டன் கோமான் தம் கோட்டையில் இடைக்காலப் போர்விழா ஒன்றைப் பெரும்பொருள் செலவிட்டு நடத்தினார். இலண்டன் வணிகரிடம் காப்பும் கருவியும் பெற்றுச் செல்வர்கள் களம்புகுந்தனர். முதல்நாளே பெருமழை கொட்டிற்று. காண வந்த பெருந்திரள் சேற்றில் நனைந்து திரும்பிற்று, செய்தித்தாள்கள் நகைத்தன.

பெர்க்கிலி மரபினர் செய்யும் இன்னொன்று, தமிழர் ஊன்றிக் காணத்தக்கது. கழகத்தில் புகுவார் தமக்கு ஓர் இடைக்காலப் பெயரைத் தேர்ந்துகொள்கின்றனர். அதனைப் பதிவுசெய்ய விழைந்தால், நினைத்த ஒலியை எழுதிவிட இயலாது. 17-ஆம் நூற்றாண்டுக்கு முன் இன்ன நாட்டில் அப்பெயர் வழங்கிற்று என்பதற்குப் பழம்பதிவுகளினின்று சான்று காட்டல்வேண்டும். சான்று போதாதெனின் ஆய்வோர் திருப்பிவிடுவர். பகலெல்லாம் கணக்கெழுதியோ ஊர்தி பழுதுபார்த்தோ பிழைக்கும் ஒருவர், கிழமையிறுதியில் மட்டும் சூடும் பெயருக்கு இத்துணை ஆராய்ச்சி! வாழ்நாளெல்லாம் பிள்ளை சுமக்கவேண்டிய பெயரை இடும் தமிழ்ப்பெற்றோரோ, எண்கணியன் சொன்ன எழுத்துக்கேற்ப, 'ஷ்' என்றும் 'ஸ்' என்றும் முடியும் பொருளறியா ஒலிகளைத் தேடி அலைகின்றனர். தனித்தமிழியக்கம் தோன்றிய 1916-ஐ ஒட்டிச் சுவாமி வேதாசலம் என்னும் பெயரை மறைமலையடிகள் என மாற்றிய பெருமகனாரை நகைத்த வாய், பெர்க்கிலியாரை வியக்கின்றது.

பிரம்பையும் விடுத்து எஃகையே ஏந்துவோரும் உளர். 2010-இல் உக்ரைன் நாட்டுக் கோத்தின் கோட்டையில் உக்ரைன், உருசியா, பெலாருசு, போலந்து ஆகிய நான்கு நாட்டுக் குழுக்கள் கூர்மழுங்கிய எஃகுப் படைக்கலங்களுடன் பொருதன. ஆங்குக் குத்துதல் தடுக்கப்பட்டது. இருகாலன்றி உடலின் வேறோர் உறுப்பு நிலம்பட்டவர் வீழ்ந்தவரே. 2022 பிப்பிரவரியில் உருசியப் படை உக்ரைனுட் புகுந்தது. அக்களத்தில் மழுங்கிய முனை இல்லை, நடுவரும் இல்லை.

இப்பொழுதுபோக்கில் குறையில்லையோ எனின், உண்டு. எல்லாரும் குதிரைமறவராகவும் கோமாட்டியராகவுமே வருகின்றனர். அம்மறவர்க்குச் சோறிட்ட உழவடிமையாக வருவார் மிகச் சிலரே. பழமையை மீட்பார் அதன் கொடுமையையும் சொல்லுதல் கடன். ஆயினும் அக்குறையைச் சுட்டியா ஈண்டுள்ளோர் தமிழ்ப்பற்றாளரை எள்ளுகின்றனர்? இல்லை. பழையது, தமது என்ற இரண்டையுமே இழிவாகக் கருதி எள்ளுகின்றனர்.

இவ்விளையாட்டைக் கண்டு வியந்துரைக்கும் தமிழிளைஞர் நாவில் 'ஆர்மர்' வருகின்றது, 'ஹெல்மெட்' வருகின்றது. மெய்ம்மறை என்னும் சொல் வருவதில்லை. உடலை மறைத்துக் காப்பது மெய்ம்மறை. மறவர்க்கு முன்னின்று தாங்குபவன் என்னும் கருத்தில் சேரவேந்தனையே அச்சொல்லாற் பாராட்டியது பதிற்றுப்பத்து. பெர்க்கிலி மரபிற் புதிதாகப் புகுவார் கழுத்துக்காப்பு, கைக்காப்பு ஒவ்வொன்றின் பழம்பெயரையும் கற்றுக்கொள்கின்றனர். அப்பெயர்களிற் பல ஆங்கிலத்துக்கே பிரெஞ்சினின்று வந்த இரவல். மெய்ம்மறையும் கிடுகும் கழலும் தமிழர்க்கு இரவலல்ல, ஏட்டில் உறங்குகின்றன.