ஸ்கேன் பண்ணியாச்சா? அப்போ எரிச்சுடலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஸ்கேனிங்குக்கு எதிரான புலம்பல் இல்லை. ஸ்கேன் பண்ணுங்க, தாராளமா பண்ணுங்க. ஆனால் பண்ணி முடித்த கையோடு நெகட்டிவைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுகிறீர்களே, அந்தப் புண்ணியவான்களோடுதான் எனக்குச் சண்டை.

போன கோடை விழா சமயத்தில் ஏற்காடு போயிருந்தேன். (பூ பார்க்க இல்லைங்க. அந்தக் கூட்டத்தில் படகுக்கு க்யூவில் நிற்பதற்கு காஸ்ட் அக்கவுண்டிங்கே தேவலை.) மாமா வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், சாமான் ஒதுக்க ஆள் வேண்டும் என்று அம்மா அனுப்பிவிட்டார். பரணிலிருந்து இறக்கியதில் இரண்டு பிஸ்கட் டப்பா. இரண்டிலும் நெகட்டிவ், கொஞ்சம் ஸ்லைடு. மாமா அதற்கு முன்பே ஆல்பத்தில் இருந்த பிரிண்டுகளை எல்லாம் போனில் படம் எடுத்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டு, எல்லோரிடமும் கைதட்டல் வாங்கியிருந்தார்.

"எல்லாம் டிஜிட்டல் பண்ணியாச்சு மாப்ள. இனிமே இந்தக் குப்பை எதுக்கு?"

நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு டப்பாவில் இருந்தது காப்பிச் சருகோடு சேர்ந்து எரிந்து முடிந்திருந்தது. இரண்டாவது டப்பா நெருப்புக்குப் பக்கத்தில் காத்திருந்தது. அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ராத்திரி ட்யூப்லைட்டுக்கு நேராக ஒவ்வொரு துண்டாகப் பிடித்துப் பார்த்தேன். ஹாலில் மாட்டியிருக்கிற பன்னிரண்டுக்குப் பத்து போட்டோவின் நெகட்டிவ் அதில் இருந்தது. 1974-ல் காப்பி உலர்த்தும் களத்தில் குடும்பம் மொத்தமும் நின்று எடுத்தது. சுவரில் இருக்கிற படத்தில் பதினோரு பேர். நெகட்டிவில் எண்ணினால் பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டுதான். இடது ஓரத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு.

அம்மாயியிடம் காட்டினேன். போனில் படம் பிடித்து, கலரைத் தலைகீழாக்கி, பெரிதாக்கிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எங்கக்கா" என்றார். அடுத்த வருஷமே அவர் இறந்துவிட்டாராம். "அவளுக்குப் போட்டோவே இல்லைன்னு இத்தன வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. வெறும் கணக்கு. 35 எம்எம் பிலிமில் ஒரு பிரேம் என்பது 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். பன்னிரண்டுக்குப் பத்து பேப்பரை முழுக்க நிரப்ப வேண்டுமென்றால் அந்த 36-ல் 28.8 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். மீதி 7.2 மில்லிமீட்டர், அதாவது அகலத்தில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு, வெளியே. ஸ்டுடியோக்காரர் யாருக்கும் துரோகம் செய்யவில்லை, பேப்பர் சைஸ் அப்படி. உங்கள் வீட்டுச் சுவரிலும் பன்னிரண்டுக்குப் பத்து மாட்டியிருந்தால், அதில் ஓரத்தில் நின்ற யாரோ வெட்டுப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அவர் நெகட்டிவில் மட்டும் இன்னும் நிற்பார். அந்த 'குப்பை'யில்தான்.

நான் படிப்பது பி.காம். அந்தப் பாஷையிலேயே சொல்கிறேன். ஸ்கேன் என்பது லெட்ஜர் என்ட்ரி. நெகட்டிவ்தான் வவுச்சர். என்ட்ரி போட்டாச்சு என்பதற்காக எந்தக் கணக்குப்பிள்ளையாவது பில்லைக் கிழித்துப் போடுவாரா? 2013-ம் வருட கம்பெனிச் சட்டத்தின் 128-வது பிரிவு கணக்குப் புத்தகத்தை எட்டு நிதியாண்டு வரை பத்திரப்படுத்தச் சொல்கிறது, அதற்குரிய வவுச்சர்களையும் சேர்த்து. டீ செலவுக்கே சட்டம் இவ்வளவு சொல்கிறது. அம்மாயியின் அக்காவுக்கு நாம் எட்டு நாள்கூடக் கொடுக்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதங்களைப் பார்ப்போம். மாமா, சித்தப்பா, ஹாஸ்டல் ரூம்மேட் என்று எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதால் எல்லாம் மனப்பாடம்.

ஒன்று: "இடத்தை அடைக்குது." 36 படம் உள்ள ஒரு ரோலை ஆறு ஆறாக வெட்டினால் ஆறு துண்டு. ஒரு பிளாஸ்டிக் உறைத் தாளில் அடங்கும். ஐம்பது ரோல் என்றால் ஐம்பது தாள், 1800 படம். உங்கள் செமஸ்டர் ஜெராக்ஸ் நோட்ஸ் இதைவிடப் பெரிய கட்டு. அதைத் தூக்கிப் போட்டீர்களா?

இரண்டு: "கூகுளில் இருக்கு, பத்திரமா இருக்கும்." ஆர்குட்டும் இருந்ததுங்க. 2014 செப்டம்பர் 30-ல் மூடினார்கள். கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாக ஏற்றலாம் என்ற சலுகை 2021 ஜூன் 1-ல் நின்றது. இரண்டு வருஷம் தொடாமல் விட்ட கணக்கை அழிக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து அமல்படுத்துகிறார்கள். தாத்தா பெயரில் கணக்கு தொடங்கிப் படங்களை ஏற்றி வைத்தவர்கள், தாத்தா போன பிறகு பாஸ்வேர்டு யாரிடம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சரி, சிடி? 2004 கல்யாண சிடியைப் போட்டுப் பாருங்கள், பாதி வீட்டில் டிரைவே இல்லை. நெகட்டிவுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், டிரைவும் வேண்டாம். ஒரு ஜன்னல் போதும்.

மூன்று: "ஏற்காட்டுப் பனியில் எப்படியும் பூசணம் பிடிக்கும்." இதில் பாதி உண்மை. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம்ம ஊர்க் குளிர் பிலிமுக்கு நல்லதுதான். ஈரம்தான் எமன். பிலிமின் மேல் பூச்சு ஜெலட்டின், பூசணத்துக்கு அது விருந்துச் சாப்பாடு. அப்படியானால் சேலத்துக்கு இறக்கிவிடலாமா? அங்கே வெயில். பழைய பிலிமின் அடித்தளமான செல்லுலோஸ் அசிடேட், சூடும் ஈரமும் சேர்ந்தால் சிதைந்து அசிடிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் இதுதான் விஷயம். ஒருமுறை தொடங்கினால் அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். 1950களில் இதைப் பற்றி கோடாக் கம்பெனிக்குப் போன முதல் புகார்களில் ஒன்று நம் இந்திய அரசிடமிருந்துதான். ஆகவே இது நம் தட்பவெப்பத்தின் பிரச்சினை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயாளிக்கு மூச்சு இருக்கும்போதே சுடுகாட்டுக்குத் தூக்குவது என்ன நியாயம்? காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், பரணுக்குப் பதில் பீரோ. அவ்வளவுதான் வைத்தியம்.

நான்கு: "ஸ்கேன்தான் ஒரிஜினலை விட நல்லா இருக்கே!" இதுதான் எனக்கு ரத்தக்கொதிப்பு வரவழைக்கும் வாதம். வாட்ஸப்பில் போட்ட படம் சுருங்கித்தான் போய்ச் சேரும். 35 எம்எம் நெகட்டிவை 2400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 77 லட்சம் பிக்சல் வரும். அதைச் சுருக்காமல் வைத்தால் ஒரு படம் 23 எம்பி. ஐம்பது ரோலும் சேர்ந்து 42 ஜிபி கூட வராது, ஒரு பென்டிரைவில் அடங்கும். நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கேனர் வரும். ஆர்குட் காலத்தில் தபால்தலை சைஸுக்கு ஸ்கேன் செய்துவிட்டு நெகட்டிவை வீசியவர்கள் இன்றைக்கும் அந்தத் தபால்தலையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரிண்டில் வெறும் வெள்ளையாகத் தெரிகிற ஏரி மேல் பனிமூட்டத்தில், நெகட்டிவில் பெரும்பாலும் எதிர்க்கரை மரங்களே தெரியும். ஸ்லைடு என்றால் இன்னும் மோசம். அதற்கு நெகட்டிவே கிடையாது, கையில் இருக்கும் அந்தச் சின்னச் சட்டம்தான் ஒரே ஒரிஜினல்.

போதாக்குறைக்கு இப்போது ஏஐ ஆப் வந்திருக்கிறது. மங்கலான முகத்தைக் கொடுத்தால் பளிச்சென்று கண், மூக்கு, பல்வரிசை எல்லாம் வைத்துத் தருகிறது. அது யாருடைய பல்? பார்க்காததைப் பார்த்த மாதிரி இட்டுக்கட்டுகிறது. எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் கள்ளக்கணக்கு. பொழுதுபோக்குக்குச் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒத்துப்பார்க்க வவுச்சர் கையில் இருக்கட்டும்.

பெரிய இடத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி, ரமேஷ் குமார் இருவரும் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டம் அதற்குப் பணம் கொடுத்தது. அந்தத் திட்டத்தின் கொள்கையே ஒரிஜினல் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், நகல் மட்டும் வெளியே போகலாம் என்பதுதான். நம்மைவிட நூறு மடங்கு நல்ல கருவி வைத்திருப்பவர்களே ஒரிஜினலை விடுவதில்லை. நாம் போனில் ஒரு க்ளிக் அடித்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடுகிறோம்.

வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு நான் அடிபட்டுக் கற்றது:

- சாதாரண ஸ்கேனரில் நெகட்டிவ் வராது. பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும் வசதி வேண்டும். இல்லாவிட்டால் லைட் பேனல் மேல் வைத்து மேக்ரோ லென்ஸில் எடுக்கலாம். டேப்லெட் திரையை விளக்காக வைத்தால் பிலிமை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்திப் பிடியுங்கள், இல்லையென்றால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும்.
- பூசணத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள். பூசணம் தின்ற ஜெலட்டின் நீரில் கரைந்துவிடும், முகமும் கூடவே வந்துவிடும். மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள், போதும்.
- பழைய ஒட்டும் ஆல்பத்திலிருந்து பிரிண்டைப் பிய்த்து எடுக்காதீர்கள். வரவில்லையென்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.
- பிரிண்டின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். நாரேஷன் இல்லாத ஜர்னல் என்ட்ரிக்கு எங்கள் மேடம் மார்க் போடமாட்டார். பெயர் இல்லாத போட்டோவும் அப்படித்தான். அந்தப் பெண் யாரென்று ஸ்கேனருக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியாது, எனக்கே தெரியாது. அம்மாயிக்கு மட்டும் தெரிந்தது. இப்போது வாரம் ஒருமுறை போன் போட்டு ஐந்து படம், ஐந்து படமாகக் கேட்டு எழுதி வருகிறேன். இடுப்பில் இருந்த அந்தக் குழந்தை யார் என்றும் கேட்டேன். "உங்க மாமன்தான். அவதான் எப்பவும் தூக்கி வச்சிருப்பா" என்றார்.

அதை மாமாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் அவரே போன் செய்தார். "அந்த இன்னொரு டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு நீ பாத்தியா மாப்ள?"

நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.